தொடாமல் அளக்கும் ஒளி

ஹட்டனிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் செல்லும் வழியில், தேயிலைச் சரிவுகளுக்கு மேலாக ஓடும் பெரும் மின்கம்பிகளைக் காணாதார் இலர். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்த நீர்மின் திட்டம், 1950இல் லக்ஷபானவில் நிறைவேறியது. இன்று அம்மலைகளிலிருந்து மின்சாரம் 132,000 வோல்ட் அழுத்தத்திற் புறப்படுகின்றது.

இத்தகைய கம்பியைச் சூழ்ந்து கண்ணுக்குப் புலனாகாத மின்புலம் ஒன்று உண்டு. அது சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 30,000 வோல்ட்டை எட்டினாற் காற்றே தாங்காது, பொறி பாயும். நிலைமாற்றிகளின் எண்ணெய்க்கும், கம்பிகளைத் தாங்கும் பீங்கான் காவலிகளுக்கும் ஓர் எல்லையுண்டு. அழுக்குப் படிந்த காவலிகளை மலையகத்து மூடுபனி நனைக்கும்போது அவ்வெல்லை இன்னும் குறுகும். ஆகவே, புலத்தின் கடுமை எங்கே மிகுகின்றது என்று முன்னரே அறிதல் உயிர்காக்கும் காரியமாகும்.

அதனை எவ்வாறு அளப்பது? உலோகக் கருவியொன்றை உள்ளே நுழைத்தால், அவ்வுலோகமே புலத்தை மாற்றிவிடும். அதன் கம்பி வழியே ஆபத்தும் அளப்பவரிடம் வந்து சேரும்.

இதற்கு வழிகாட்டியவர் ஓர் ஆசிரியர். கிளாஸ்கோ நகரின் பயிற்சிக் கல்லூரியொன்றிற் கணிதம் கற்பித்த ஜோன் கெர் என்பவர், 1875இல் ஓர் உண்மையைக் கண்டார். ஒளியை ஒரு திசையில் மட்டும் அதிரவிடும் படிகங்கள் இரண்டைக் குறுக்காக வைத்தால் ஒளி புகாது. அவற்றினிடையே கண்ணாடியையோ திரவத்தையோ வைத்து, சாய்வான திசையில் வலிய மின்புலத்தைச் செலுத்தினால், ஒளியதிர்வு இரு கூறாகி வெவ்வேறு வேகத்திற் செல்லும். இருள் நீங்கி வெளிச்சம் தோன்றும். புலம் இருமடங்கானால் இவ்வேறுபாடு நான்மடங்காகும். தோன்றும் வெளிச்சத்தைக் கொண்டு புலத்தைக் கணிக்கலாம்.

இவ்விளைவுக்கு மூலக்கூறுகளின் அமைப்பைக் கொண்டு 1927இற் கல்கத்தாவிலிருந்து விளக்கம் தந்தவர்கள் நம்மவர் இருவர்: சி. வி. இராமனும், வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும்.

சில படிகங்களில் இவ்விளைவு புலத்திற்கு நேர்விகிதமாக அமைவதை ஜேர்மானியரான பொக்கெல்ஸ் 1893இல் நிறுவினார். அத்தகைய சிறு படிகத்தையும் மெல்லிய கண்ணாடி இழையையும் கொண்ட கருவிகள் இன்று உள. இழை ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. அளப்பவர் எட்ட நின்றே அறியலாம்.

இதனையொத்த காட்சியொன்றை மாணவர்கள் வீட்டிலேயே காணலாம். கணினித் திரையின் வெண்ணொளிக்கு முன் ஒளிபுகும் பிளாஸ்டிக் அடிமட்டமொன்றைப் பிடித்து, போலரொயிட் வெயிற்கண்ணாடியூடாக நோக்குக. கண்ணாடியை மெல்லத் திருப்பத் திரை இருளும். அடிமட்டத்திலோ பல வர்ணங்கள் தோன்றும். மின்புலம் செய்யும் வேலையை அங்கே, பிளாஸ்டிக்கில் உறைந்துள்ள இறுக்கம் செய்கின்றது. மலைச்சரிவின் மின்கம்பிகளை மட்டும் நாம் எட்ட நின்றே பார்ப்போமாக.