நோயாளிக் கூட்டம் மட்டுமே பயிற்சி ஆகாது

முதுநிலை மருத்துவக் கலந்தாய்வு நெருங்கும் ஒவ்வோர் ஆண்டும், என்னிடம் படித்த மாணவர்கள் சிலர் ஒரே கேள்வியுடன் வருகின்றனர். பொது மருத்துவத்தில் எம்.டி. படிக்க, நோயாளிகள் நிரம்பி வழியும் பெரிய அரசு மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதா, சற்றே அமைதியான வேறொரு கல்லூரிக்குச் செல்வதா? அடுத்த மூன்றாண்டுகளைத் தீர்மானிக்கும் கேள்வி இது. அந்த மாணவரின் கையால் நள்ளிரவில் சிகிச்சை பெறப்போகும் ஏழை நோயாளிக்கும் இதில் பங்குண்டு. ஆகவே இதை மாணவரின் சொந்த விவகாரமாக மட்டும் நான் கருதுவதில்லை.

பெரிய அரசு மருத்துவமனைகளின் மீதுள்ள மதிப்பு காரணமின்றி வந்ததல்ல. 1664-இல் புனித ஜார்ஜ் கோட்டையில் சிறு மருத்துவமனையாகத் தொடங்கியது இன்றைய ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அதனுடன் இணைந்த சென்னை மருத்துவக் கல்லூரி 1835-இல் தோன்றியது. அங்கும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற இடங்களிலும் ஒரு பயிற்சி மருத்துவர் காணக்கூடிய நோய்களின் வகை வியப்பூட்டுவது. எலிக்காய்ச்சல், காசநோய் மூளைக்காய்ச்சல், வாத இதயநோய், முற்றிய நீரிழிவு, அரளி விதையையோ பூச்சிக்கொல்லியையோ உட்கொண்டவர்கள், பாம்புக்கடி என எல்லாம் ஒரே வார்டில் வந்து சேர்கின்றன. கட்டணம் பல இலட்சம் பெறும் கல்லூரிகள் பலவற்றில் இவற்றைப் பாடநூலில்தான் காண முடியும்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். கண்ணாடி விரியன் கடித்து வருபவரின் இரத்தம் 2 மி.லி. எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாவிட்டால் நஞ்சு இரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று பொருள். நச்சுமுறி மருந்து கொடுத்து, 6 மணி நேரம் கழித்து மீண்டும் அதே சோதனை. இடைப்பட்ட நேரத்தில் அந்தப் படுக்கையருகே நின்று, சிறுநீரின் அளவைக் கவனித்து, மருந்தின் ஒவ்வாமையை எதிர்கொண்டு, இரண்டாவது குழாயில் இரத்தம் உறைவதைத் தன் கண்ணால் காணும் மருத்துவர் அதை ஆயுள் முழுவதும் மறக்கமாட்டார். பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படாத இந்த அறிவு, நாளை அவர் வட்ட மருத்துவமனையில் தனித்து நிற்கும்போது ஓர் உயிரைக் காக்கும்.

ஆனால், அதே வார்டில் இன்னொன்றும் நடக்கலாம். முதல் சோதனையைச் செய்தவர் அடுத்த நோயாளிக்காக அவசரப் பிரிவுக்கு ஓடுகிறார். இரண்டாவது சோதனையை வேறொருவர் செய்கிறார். முடிவு முதலாமவருக்குத் தெரிவதே இல்லை. ஓர் இரவில் 40 பேரைச் சேர்த்தும் ஒருவரைக்கூட முழுமையாகப் பின்தொடராதவர், 40 அனுமதிச் சீட்டுகளை எழுதியிருக்கிறாரே தவிர 40 நோயாளிகளிடம் கற்றிருக்கவில்லை. தாம் எடுத்த முடிவின் விளைவைக் காண்பதிலும், மூத்தவர் ஒருவர் அதைத் திருத்துவதிலும்தான் பயிற்சி இருக்கிறது. இவ்விரண்டும் இல்லாத நெரிசல் வெறும் உழைப்பு.

நமது அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவத் துறை பல யூனிட்டுகளாகப் பிரிந்து, முறைவைத்து அட்மிஷன் நாளை ஏற்கிறது. இரவு முழுவதும் நோயாளிகளைச் சேர்த்த பயிற்சி மருத்துவரே மறுநாள் காலை தலைமைப் பேராசிரியரின் சுற்றுக்கும் நிற்க வேண்டும். பிறகு எஞ்சிய பரிசோதனைகளையும் முடிக்க வேண்டும். 30 மணி நேரத்தைத் தாண்டிய விழிப்பு அரிதல்ல. இதில் மருத்துவம் சாராத வேலைகளும் அடங்கும். நான் பணியாற்றிய ஓர் அரசு மருத்துவமனையில், இரத்த மாதிரியை ஆய்வகத்துக்குச் சுமந்து செல்வதும், ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவதும் முதலாண்டு முதுநிலை மாணவரின் அன்றாடக் கடமைகளாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தன. ஊழியர் பற்றாக்குறைக்குப் பயிற்சி என்று பெயர் சூட்டிய ஏற்பாடு அது.

விதிகள் இல்லாமல் இல்லை. நாளொன்றுக்குத் தொடர்ந்து 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-லேயே வரையறுத்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிமுறைகளோ 'நியாயமான பணிநேரம்' என்று மட்டும் சொல்கின்றன. எண் எதுவும் இல்லை. மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து அந்த ஆணையம் அமைத்த பணிக்குழு, 2024-இல் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மிகாமலும் வாரம் ஒருநாள் விடுப்புடனும் பணி அமைய வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அந்தக் குழுவின் கணக்கெடுப்பில் பங்கேற்ற முதுநிலை மாணவர்களில் ஏறத்தாழ 10-க்கு 3 பேர் தற்கொலை எண்ணம் எழுந்ததாகக் கூறியிருந்தனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவில் முதுநிலை மாணவி கொல்லப்பட்டது, நீண்ட பணிக்கிடையே மருத்துவமனையின் கருத்தரங்கக் கூடத்தில் ஓய்வெடுத்தபோது. ஓய்வறை என்ற எளிய வசதிகூட உயிர்ப் பிரச்சினை என்பதை நாடு அன்று உணர்ந்தது.

'நாங்களும் இப்படித்தான் கற்றோம்' என்பது மூத்தவர்களின் வாதம். அதை முற்றிலும் ஒதுக்க முடியாது; நோயின் போக்கு கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அமெரிக்க அனுபவம் இங்கு உதவும். 1984-இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 18 வயது மாணவி இறந்ததைத் தொடர்ந்து, அம்மாநிலம் 1989-இல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பை விதித்தது. 2003-இல் அது நாடு முழுமைக்கும் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பணியாற்றிய முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்டபோது செய்ததைவிட 36 சதவீதம் கூடுதலாகக் கடும் பிழைகள் செய்தனர் என்று 2004-இல் ஓர் ஆய்வு காட்டியது. பின்னர் 63 பொது மருத்துவப் பயிற்சித் திட்டங்களில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், நீண்ட தொடர்பணியை அனுமதித்த இடங்களில் நோயாளிகளின் இறப்பு கூடவில்லை. நீண்ட பணியை ஆதரிப்போர் இரண்டாவது ஆய்வையே மேற்கோள் காட்டுவர். அதில் பங்கேற்ற அனைவரும் சராசரியாக வாரம் 80 மணி நேர வரம்புக்குள்தான் இருந்தனர் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

எனவே, என்னிடம் வரும் மாணவர்களிடம், தரவரிசைப் பட்டியலை மூடிவிட்டு அந்தக் கல்லூரியில் இப்போது இரண்டாமாண்டு படிப்பவரிடம் நான்கு கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். இரவு 2 மணிக்கு நோயாளியின் நிலை மோசமானால், வார்டுக்கு நேரில் வரும் உதவிப் பேராசிரியர் உண்டா? நீங்கள் சேர்த்த நோயாளியை வீடு திரும்பும்வரை நீங்களே பார்க்கிறீர்களா? இரத்த மாதிரியை எடுத்துச் செல்வது யார்? அட்மிஷன் நாளுக்கு மறுநாள் எத்தனை மணிக்கு உறங்கச் செல்கிறீர்கள்? முதலிரு கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைத்தால், கூட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. அந்த இடத்தைத் தயங்காமல் எடுக்கலாம். அவற்றுக்கே மழுப்பலான விடை வந்தால், எத்தனை நூற்றாண்டுப் பெருமை இருந்தாலும் மறுபடியும் யோசிக்க வேண்டும்.

அரசுக்கும் இதில் பொறுப்புண்டு. பணியிலுள்ள மருத்துவர்களுக்கு முதுநிலையில் இடஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மாநில ஒதுக்கீட்டில் பாதியை அவர்களுக்கு அளிக்கும் தமிழகத்தில், பெரிய மருத்துவமனையில் பெற்ற பயிற்சி வட்ட, மாவட்ட மருத்துவமனைகளுக்கே திரும்புகிறது. அந்தப் பயிற்சியின் தரம் குலைந்தால், இழப்பு கிராமத்து நோயாளிக்கே. ஒவ்வொரு கல்லூரியும் தனது உண்மையான பணிநேரப் பட்டியலையும், இரவுப்பணியில் இருக்கும் ஆசிரியர் எண்ணிக்கையையும் கலந்தாய்வுக்கு முன்பே வெளியிட வேண்டும். வார்டு ஊழியர் பணியிடங்களை நிரப்புவதும் மருத்துவக் கல்விச் செலவே என்று அரசு கொள்ள வேண்டும்.

கடினமான மருத்துவமனைகள் நமக்குத் தேவை. அங்கு செல்லத் துணியும் இளம் மருத்துவர்களும் தேவை. அவர்களுடைய துணிவைப் பயன்படுத்திக்கொள்ளும் நாம், இரவு 2 மணிக்கு அருகில் நிற்க ஓர் ஆசிரியரையும், மறுநாள் தலைசாய்க்க ஓர் அறையையும் தர மறுப்பது அறமாகாது.