கன்மக் கணக்கும் ஊர்க் கணக்கும்

மாணாக்கர் கூடிப் பேசும் இடங்களில் அடிக்கடி எம் காதில் விழும் பெயர் 'ஃபோல் அவுட்' என்பது. அணுகுண்டு வெடித்தபின் வானினின்று மண்ணிற் படியும் நச்சுத் துகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. அப்பெயர் பூண்ட கணினி விளையாட்டு வரிசை 1997இல் அமெரிக்காவிலே தொடங்கிற்று. 2077ஆம் ஆண்டில் அமெரிக்காவும் சீனாவும் பொருத அணுப்போரில் உலகம் அழிந்ததாகவும், எஞ்சியோர் அவ்வழிவினிடையே வாழ்வதாகவும் கற்பித்துக் கதை நடக்கும். ஆடுவோர் விரும்பிய திசையில் நடக்கலாம். விரும்பியவரோடு உறவாடலாம், பகைக்கலாம். இவ்வரிசையில் 2008இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தையும், 2010இல் வெளிவந்த 'நியூ வேகாஸ்' என்பதையும் ஒப்பிட்டு இன்றும் ஓயாது வாதிடுகின்றனர். கல்லூரி ஆசிரியருக்கு இவ்வழக்கில் என்ன வேலை என்று பெற்றோர் வினவக்கூடும். எமது பிள்ளைகள் 'கன்மம்' என்ற சொல்லை எங்கே, எப்பொருளிற் கற்கிறார்கள் என்று பார்ப்பது எமது வேலையே. (இரண்டும் குருதி மலிந்தவை, பதினேழு வயது நிரம்பினோர்க்கே உரியன என்று அமெரிக்காவில் வகுத்துள்ளனர்.)

மூன்றாம் பாகத்தை ஆக்கியது பெதெஸ்டா நிறுவனம். நிலவறையில் வளர்ந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை, காணாமற்போன தந்தையைத் தேடி வாஷிங்ரன் நகரின் இடிபாட்டில் அலைவதே கதை. நஞ்சேறிய நீரைத் தூய்மையாக்கி எல்லார்க்கும் அளிப்பது தந்தையின் வேட்கை. ஆறில்லாத குடாநாட்டில் கிணற்றை நம்பி வாழும் எமக்கு அவ்வேட்கையை விளக்க வேண்டியதில்லை. இடிபாட்டைக் காட்டுந் திறத்தில் இதனை வெல்வது அரிது. ஆர்லிங்ரன் என்னும் இடத்து நூலகத்தில், அழியாது எஞ்சிய நூல்களைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கிறாள் ஒருத்தி. 1981இல் நூலகம் எரிந்த ஊரவர் அவ்விடத்தை எளிதிற் கடந்து போகமாட்டார்.

ஆயினும் ஒரு குறை. போர் முடிந்து இருநூறு ஆண்டுகள் சென்றும் எலும்புக்கூடுகள் நாற்காலியிலேயே இருக்கின்றன. குடியிருக்கும் வீட்டைக் கூட்டிப் பெருக்குவார் அரியர். 1990இல் இடம்பெயர்ந்து 2017இல் மயிலிட்டிக்கு மீண்டவர்கள் பற்றையை வெட்டிக் கிணற்றை இறைத்ததை அயலிற் கண்டோம். மனிதர் பாழிலே நெடுங்காலம் சும்மா இரார்.

இனி எமக்கு உரிய பொருளுக்கு வருவோம். இவ்விளையாட்டில் 'கர்மா' என்றே பெயரிட்ட கணக்கொன்று உண்டு. நன்மை செய்தால் ஏறும், தீமை செய்தால் இறங்கும். யாருங் காணாது களவெடுத்தாலும் இறங்கும், அது மெச்சத்தக்கதே. ஆனால் மெகாட்டன் என்ற ஊரைப் பாருங்கள். வெடியாத அணுகுண்டொன்றைச் சுற்றி எழுந்த ஊர் அது. குண்டைச் செயலிழக்கச் செய்யலாம். கூலி வாங்கிக்கொண்டு வெடிக்கவும் வைக்கலாம். ஊரையே அழித்தவன் பின்பு வேறோரிடத்துப் பிச்சைக்காரனுக்குத் தண்ணீர்ப் போத்தல்களைக் கொடுத்துக் கொடுத்துத் தன் கணக்கை மீட்டுக்கொள்ளலாம்! இது கடைக்காரரின் பற்றுவரவுக் கொப்பியேயன்றிக் கன்மமன்று. நல்வினை தீவினையைக் கழித்துவிடாது. இரண்டும் தனித்தனியே அனுபவித்துத் தீர்க்கப்படுவன. பொன்விலங்கும் விலங்கே என்று சைவச் சிறார் சமய பாடத்திற் படிக்கின்றனர்.

'நியூ வேகாஸ்' ஒப்சிடியன் என்னும் வேறொரு நிறுவனத்தார் ஏறத்தாழப் பதினெட்டு மாதங்களில் ஆக்கியது. பழைய பாகங்களை எழுதியோர் சிலரும் அவருள் இருந்தனர். களம் மொகாவிப் பாலைவனம். காட்சியழகு குறைவு, வழுக்கள் மிகுதி. ஆனால் இங்கே மக்கள் பயிரிடுகின்றனர், வரி செலுத்துகின்றனர், அரசோடு சச்சரவிடுகின்றனர். கொலராடோ ஆற்றின் ஹூவர் அணையையும், அது தரும் நீரையும் மின்சாரத்தையும், கலிபோர்னியக் குடியரசு ஆள்வதா, சீசர் என்பவனின் அடிமைப்படை ஆள்வதா, ஹவுஸ் என்னும் செல்வர் ஆள்வதா, ஒருவரும் வேண்டாமா என்பதே வழக்கு. நீர் எல்லார்க்கும் வேண்டும் என்பது முன்னதன் கதை. நீரின் மதகு எவர் கையில் என்பது பின்னதன் கதை.

'கர்மா' இதிலும் பெயரளவில் உண்டு. அதனினும் வலியது ஊர்ப்பெயர். ஒவ்வோர் ஊரும் ஒவ்வோர் அணியும் தனித்தனிக் கணக்கு வைக்கும். ஒவ்வொன்றிலும் புகழுக்கு ஓர் ஏடு, பழிக்கு ஓர் ஏடு. புகழ் பழியை அழிப்பதில்லை. தலையிற் சுடப்பட்டுக் கிடந்த நாயகனுக்கு மருத்துவஞ் செய்து எழுப்பிய சிற்றூர் குட்ஸ்பிறிங்ஸ். அதனைக் கொள்ளையர் தாக்க வரும்போது ஊரோடு நின்றால் கொள்ளையர் கூட்டத்துக்குப் பகைவன்; கொள்ளையரோடு நின்றால் உயிர் தந்த ஊருக்கே பகைவன். விலகி நிற்கலாம்; அப்போது ஊரும் நன்றியோடு நினைக்காது. 'கன்மம்' என்று பெயரிட்ட கணக்கைவிட, அப்பெயரே இல்லாத இவ்விரட்டை ஏடு எமது இருவினைக் கொள்கைக்கு அணித்தாயிருப்பது வியப்பன்றோ?

குடியரசும் சீசரும் நடுவே ஒருமுறை பழைய பழியை மன்னித்து விடுகின்றனர். அருளினால் அன்று, நாயகனின் கைவேலை தமக்கு வேண்டியிருப்பதால். மன்னிப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் ஆக்கியோர் அறிந்தே இருக்கின்றனர்.

எமது ஊர்களில் 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. இத்தகைய ஏடுகள் மூடப்படவில்லை. ஒருவன் யாருக்குச் சோறு கொடுத்தான், யாரைக் காட்டிக்கொடுத்தான், யார் கேட்டபோது வாய்திறவாதிருந்தான் என்பன ஒரே ஒழுங்கையின் இரு வீடுகளில் இரு விதமாக எழுதப்பட்டிருக்கின்றன. இதைப் பிள்ளைகளுடன் பேசப் பெரியோர் தயங்குகின்றோம். மொகாவியைப் பற்றியென்றால் அவர்கள் தாமாகவே பேசுகிறார்கள், சீசரின் பக்கம் நின்று ஆடியவனை மற்றவர்கள் நியாயங் கேட்கிறார்கள், அவனும் சொல்கிறான்.

ஆகவே எமது தீர்ப்பு 'நியூ வேகாஸ்' பக்கமே. இடிபாட்டிடையே தனியே நடக்க விரும்புவோர் மூன்றாம் பாகத்தை நாடுக. அதன் இறுதியில் ஒலிக்கும் கதையுரை நாயகன் நல்லவனா தீயவனா என்பதைப் பற்றியே பெரிதும் பேசும். மற்றதன் இறுதியில் உரை ஊர் ஊராகச் செல்லும்: குட்ஸ்பிறிங்ஸுக்கு என்ன ஆயிற்று, அடுத்த ஊருக்கு என்ன ஆயிற்று, உடன் நடந்த தோழர்க்கு என்ன ஆயிற்று என்று.