“தொடாதே!” என்னும் நோய்



செயற்கைக்கோள்வழி இணையம் பெறும் பள்ளிகளில் இணைப்பு அறுந்தால், “தொடாதே! தொழில்நுட்பர் வரட்டும்” என்கிறோம். இந்த அச்சத்தை நான் கண்டிக்கிறேன். 35,786 கி.மீ. உயரத்துக் கோளைப் பழிக்குமுன் மேசைமேல் உள்ள கம்பியைப் பாருங்கள்.

மோடத்தை அணைத்து, கணினியை நேரே அதனோடு இணைத்து, மீண்டும் முடுக்குங்கள். இணையம் வந்தால் கோள்மீது பழியில்லை. பழுது திசைவியில் (ரௌட்டர்) அல்லது அதன் கம்பியில். இரண்டு கருவிகளுக்கும் 192.168.0.1 என ஒரே முகவரி இருந்தால் மோதும். திசைவியின் முகவரியை மாற்றுங்கள். பின்னர், முதலில் மோடம், அது கோளோடு இணைந்தபின் திசைவி என முடுக்குங்கள். நேரே இணைத்தும் வராவிட்டால் மட்டுமே தொழில்நுட்பரை அழையுங்கள்.

இதற்கா நாள்கணக்கில் காத்திருப்பது? பொத்தானைத் தொட அஞ்சும் நாம் மாணவர்க்கு எந்த அறிவியலைக் கற்பிக்கப் போகிறோம்? பெற்றோர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்!