போர்முனையில் போலீஸ்: அக்டோபர் 21-ல் யாருக்காக துப்பாக்கி முழங்குகிறது?

ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 21 காலையில், தர்மபுரி உட்பட மாவட்ட ஆயுதப்படை மைதானங்களில் குண்டுகள் முழங்க அஞ்சலி நடக்கும். எஸ்.பி. மலர்வளையம் வைப்பார், அந்த ஆண்டில் பணியில் இறந்தவர்களின் பெயர்கள் வாசிக்கப்படும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ, அவ்வளவுதான். ஆனா இந்தத் தேதி ஏன்? அதற்குப் பின்னால் இருப்பது ரவுடியோ கலவரமோ இல்லை, எல்லைச் சண்டை.

1959-ல் என்ன நடந்தது?

அப்போது லடாக்கில் சீன எல்லையைக் காத்தது ராணுவம் அல்ல, போலீஸ். ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடம், உயரம் சுமார் 16,000 அடி. வத்தல்மலை உச்சியிலேயே விடியற்காலையில் குளிர் எடுக்கும். இது அதைவிடப் பல மடங்கு உயரம்.

அக்டோபர் 20 அன்று மூன்று குழுக்கள் ரோந்து போயின. இரண்டு திரும்பின. இரண்டு காவலர்களும் ஒரு சுமைதூக்கியும் அடங்கிய மூன்றாவது குழு திரும்பவில்லை. மறுநாள் அவர்களைத் தேடி அதிகாரி கரம் சிங் தலைமையில் சுமார் 20 பேர் கிளம்பினார்கள். மலை மேலிருந்து சீன ராணுவம் சுட்டது. பதுங்க இடமில்லை. 10 பேர் இறந்தனர். காயமடைந்த 7 பேர் சீனர்களிடம் சிக்கினர். உடல்கள் திரும்பி வந்தது நவம்பர் 13-ல், மூன்று வாரம் கழித்து. 1960 ஜனவரியில் நடந்த காவல்துறைத் தலைவர்கள் மாநாடு, இந்த நாளை காவலர் வீரவணக்க நாளாக அறிவித்தது.

அது ஒருமுறை மட்டும்தானா?

இல்லை. 1965 ஏப்ரல் 9 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் சர்தார் போஸ்ட்டை பாகிஸ்தான் ராணுவம் தாக்கியபோது, எதிர்த்து நின்றது சி.ஆர்.பி.எஃப். அந்த ஆண்டு டிசம்பர் 1-ல்தான் எல்லைப் பாதுகாப்புப் படை உருவானது. சீன எல்லைக்கான இந்தோ-திபெத் எல்லைக் காவல்படை பிறந்தது 1962 அக்டோபர் 24, போர் தொடங்கி நான்கு நாள் கழித்து. இழப்பு முதலில், ஏற்பாடு பிறகு. இதுதான் வரலாறு.

ராணுவ வீரர் இறந்தால் ஒரு மரியாதை, போலீஸ் இறந்தால் வேறா?

பெயரில் வித்தியாசம் இல்லை. ‘தியாகி’ என்ற சொல் இரு தரப்புக்கும் அதிகாரபூர்வமாகக் கிடையாது என்று 2017-ல் பாதுகாப்பு, உள்துறை அமைச்சகங்களே மத்திய தகவல் ஆணையத்திடம் சொல்லிவிட்டன. வித்தியாசம் இருப்பது பென்ஷனில். 2004 ஜனவரி 1-க்குப் பிறகு சேர்ந்த மத்திய அரசு ஊழியர்களுக்கு பழைய ஓய்வூதியம் ரத்து. முப்படைகளுக்கு மட்டும் விலக்கு. மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கு இல்லை. இவையும் ஒன்றியத்தின் ஆயுதப் படைகளே, பழைய பென்ஷன் உண்டு என்று 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு மேல்முறையீடு போக, உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது.

நமக்கு ஏன் இது?

வத்தல்மலை மாதிரி ஒரு மலைக்கிராமத்து இளைஞருக்கு யூனிஃபார்ம் வேலை என்பது ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே மாறுவது. ராணுவமா, சி.ஆர்.பி.எஃப்பா என்று பார்க்காமல் இரண்டுக்கும்தான் ஓடிப் பழகுவார்கள். எந்த செலக்‌ஷன் முதலில் வருதோ அதில் சேர்வார்கள். ஒரே எல்லை, ஒரே பனி, ஒரே தோட்டா. வயதான பிறகு கைக்கு வரும் பணம் மட்டும் எந்த அமைச்சகத்தின் கீழ் வேலை பார்த்தார் என்பதைப் பொறுத்தது என்றால், அது நியாயமா?

டெல்லி சாணக்கியபுரியில் 2018 அக்டோபர் 21-ல் 30 அடி உயர கிரானைட் கல்லோடு தேசிய காவலர் நினைவிடம் திறக்கப்பட்டது. நல்ல விஷயம். ஆனால் இறந்தவருக்குக் கல் வைப்பதோடு கடமை முடியாது. உயிரோடு திரும்பி வருபவரின் முதுமைக்கும் அரசு பதில் சொல்ல வேண்டும். அதைக் கோர்ட் சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை.