பரண் மேல் தாத்தாவின் துப்பாக்கி

ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பழைய வீட்டை இடிக்கப் போகிறோம். பரணில் தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கி கிடக்கிறது. அதில் முயலும் கௌதாரியும் அடிப்பாராம். லைசென்ஸ் எதுவும் காணோம். ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளலாமா?"

கூடாது. ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு அவசர விஷயம். அதைக் கையில் எடுத்துப் பார்க்காதீர்கள். குழல் வழியாகக் குச்சி விட்டுக் குடைய வேண்டாம், வெயிலில் காயவைக்க வேண்டாம். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

இந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியோ தேங்காய் நாரோ வைத்துக் கம்பியால் கிட்டித்து, அதன்மேல் ரவையைப் போட்டு, மறுபடி அடைக்க வேண்டும். ஒரு முறை கிட்டித்துவிட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு. அதனால் வேட்டைக்குப் போய் எதுவும் அகப்படாமல் திரும்புகிறவர்கள் அப்படியே மாட்டி வைத்துவிடுவார்கள். ஈரம் படாத கரிமருந்து பல ஆண்டு கழித்தும் வெடிக்கும். தாத்தா கடைசியாகப் போன அன்று என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்?

இனி சட்டம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே ஆயுதச் சட்டப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சம் 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. துருப்பிடித்தது, தாத்தா சொத்து என்பதெல்லாம் காப்பாற்றும் என்று நம்பி இருக்காதீர்கள். நம் மாவட்டங்களில், குறிப்பாக மலையடிவார ஊர்களில், தாமாகவே ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அவ்வப்போது அறிவிப்பு விடுகிறது. அதற்காகக் காத்திருக்காமல், ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் விஷயத்தைச் சொல்லுங்கள். துப்பாக்கியை நீங்களே வண்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டாம், அவர்களே வந்து எடுக்கட்டும்.

தாத்தா தப்பானவரா? அப்படிச் சொல்ல மாட்டேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே சிறு பிராணி வேட்டைக்கு லைசென்ஸ் தர வழி இருந்தது. 1991 திருத்தம்தான் அந்தக் கதவை அடைத்தது. இன்று ஒரு முயலை அடித்தாலும் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உடும்பு என்றால் குறைந்தபட்சமே 3 ஆண்டு. அடித்த முயலைத் தூக்கிப்பிடித்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்கும் தம்பிகள் இதைப் படித்தால் நல்லது.

சேலம், நாமக்கல் மேட்டுக்காடுகளில் கிளுவை வேலிதான் கௌதாரிக்கு வீடு. கடலைக்காட்டு வரப்பில் முயல் படுத்திருக்கும். ஒரு வெடி வெடித்து, மறுபடி மருந்து கிட்டிப்பதற்குள் மற்றதெல்லாம் பறந்திருக்கும். அந்தத் துப்பாக்கியின் சுணக்கமே குருவிகளுக்கு ஒரு காவல். இன்று வேலி போய்க் கம்பி வந்துவிட்டது, புதர் போய் பிளாட் வந்துவிட்டது. மிச்சம் இருப்பதை அடிக்காமல் விட்டால்தான் பேரப்பிள்ளைகள் விடியற்காலையில் கௌதாரி கத்துவதைக் கேட்பார்கள். கறி ஆசை உள்ளவர்களுக்கு நாமக்கல்லில் குறையா என்ன? ஐந்தாறு வாரத்தில் வளர்ந்துவிடும் பண்ணைக் காடை இருக்கிறது. 'நாமக்கல் காடை-1' என்று நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு ரகம் உண்டு.

விவசாயிகள் பாடு தனி. ஆயுதச் சட்டத்தின் 13வது பிரிவு, பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்று இன்னமும் சொல்கிறது. ஆனால் மரவள்ளியைத் தோண்டும் பன்றியைச் சுட அந்த லைசென்ஸ் போதாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு கொடுத்த அனுமதியும், காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்பதுதான். இருட்டில் பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள். அதனால் இந்தக் கட்டுப்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது. நாசமான பயிருக்கு இழப்பீடு இழுத்தடிக்கப்படுவதுதான் நியாயமில்லை.

உங்கள் தாத்தாவுக்கு வேட்டை ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருந்திருக்கலாம். நரிக்குறவர்களுக்கு அது சோறு. கண்ணி, வலை, குருவிபோலக் குரல் கொடுத்து அழைக்கும் வித்தை, தோளில் நாட்டுத் துப்பாக்கி என்று ஊர் ஊராகப் போனவர்கள். அவர்களைக் 'குருவிக்காரர்' என்றே அழைத்தோம். காட்டுப் பிராணிகளைக் காக்கும் சட்டம் வந்தபோது, அந்தத் துப்பாக்கியை நம்பி இருந்தவர்கள் நாளை என்ன சாப்பிடுவார்கள் என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. பாசிமணியும் ஊசியும் விற்கப் பேருந்து நிலையங்களுக்கு வந்தார்கள். அங்கேயும் விரட்டினோம்.

அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான். வேட்டைக்கு லைசென்ஸ் நின்று அதற்குள் 31 வருஷம் ஓடிவிட்டது. சேலம் பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கும் அம்மாவைப் பார்த்தால், பேரம் பேசாமல் ஒரு மாலை வாங்குங்கள். பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கியாச்சா என்றும் கேளுங்கள். இல்லை என்றால், தாசில்தார் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக்கொடுக்க உங்களுக்குப் பத்து நிமிஷம் ஆகும்.