பேச வரும், காரணம் சொல்ல வராது!

ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தில் சிவப்பு மையோடு வரும் பிள்ளையைத் திட்டுகிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

தாய்மொழியே ஆங்கிலமான வெள்ளைக்காரர் பலர், வெளிநாடு சென்று ஆங்கிலம் கற்பிக்கக் கேம்பிரிட்ஜின் 'செல்டா' பயிற்சியில் சேர்கிறார்கள். குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி. அதில் 6 மணி நேரம் மாணவர் முன் நின்று கற்பிக்க வேண்டும். "'ஐ ஏட்', 'ஐ ஹேவ் ஈட்டன்', இரண்டுக்கும் என்ன வேறுபாடு?" என்று மாணவர் கேட்டால் பலர் விழிக்கிறார்கள். 1960களுக்குப் பின் இங்கிலாந்துப் பள்ளிகள் பலவற்றில் இலக்கணப் பாடம் குறைந்துபோனதும் ஒரு காரணம்.

நாம் மட்டும் என்ன? 'மரமை' என்னாமல் 'மரத்தை' என்கிறோமே, ஏன்? பால்மரம் சீவிய நம் பாட்டி ஒருநாளும் தவறிப் பேசியதில்லை. காரணம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

இலக்கணம் தெரியாதது மடமை அன்று. யாரும் சொல்லித் தராததுதான் குறை. எனவே, தாய்மார்களே, நமக்கு ஆங்கிலம் தெரியாதே என்று ஒதுங்காதீர்கள். இன்றிரவு பிள்ளையின் அருகில் அமர்ந்து, "இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். அந்த வெள்ளைக்காரர்களும் சொல்லிக் கொடுத்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.