அலமாரியில் 340 மி.லி.

போன செமஸ்டர் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு காரியம் செய்தேன். என்னிடம் இருக்கிற மை பாட்டில்களை எல்லாம் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்து, ஊசியைக் கழற்றிய 10 மி.லி. சிரிஞ்சால் ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தேன். பதினொரு பாட்டில். மொத்தம் 340 மி.லி.

கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தாத்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னடா, கம்பவுண்டர் வேலைக்குப் போகப் போறியா?"

"இல்ல தாத்தா, இங்க் எவ்வளவு இருக்குன்னு பாக்குறேன்."

"எதுக்கு, விக்கவா?"

விற்க இல்லை. எழுதித் தீர்க்க எத்தனை நாள் ஆகும் என்று பார்க்கத்தான். என் பேனா ஒரு தடவைக்கு 0.8 மி.லி. குடிக்கும். காலேஜ் நடக்கிற நாட்களில் அது எனக்கு நாலு நாள் வரும். அப்படிப் பார்த்தால் 425 தடவை நிரப்பலாம், 1,700 நாள் எழுதலாம். அதாவது நாலு வருஷம் எட்டு மாசம். மக்களே, B.E. மொத்தமே நாலு வருஷம்தான். நான் இப்போது மூன்றாம் வருஷம். இந்த மையைத் தீர்க்க நான் டிகிரி முடித்து, அரியரும் வைத்து, அதையும் எழுதி முடிக்க வேண்டும்.

இதைத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் வேடசந்தூரில் பத்திர எழுத்தராக இருந்தவர். "முப்பது வருஷம் எழுதுனேன். எங்கிட்ட ஒரு நேரத்துல ஒரு பாட்டில்தான் இருந்துச்சு. அது தீர்ந்தா அடுத்தது" என்றார். அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அது போதுமானதாக இருந்தது.

நம்ம காலேஜில் பவுண்டன் பேனா வைத்திருப்பவர்கள் ஒரு இருபது பேர் இருப்போம். அந்த இருபது பேருக்குத்தான் முக்கியமாக இது. மற்றவர்கள் 'மை' என்று வரும் இடத்தில் ஸ்னீக்கர், கீபோர்டு, வாட்ச் என்று எது வேண்டுமானாலும் போட்டுப் படித்துக்கொள்ளலாம். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: கொஞ்ச நாளைக்குப் புது பாட்டில் வாங்காதீர்கள். சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை (அதுவும்தான், அந்தக் கதை கடைசியில் வருகிறது). பாதி பாட்டில் தாண்டிய பிறகுதான் ஒரு மை எப்படிப்பட்டது என்றே தெரிகிறது. நாம் யாரும் அந்தப் பாதியைத் தாண்டுவதே இல்லை.

வாங்குவது எப்படி ஆரம்பிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முதலில் ஒரு கேம்லின் ராயல் ப்ளூ. 1931-ல் மும்பையில் தண்டேகர் குடும்பம் மைப் பொடியில் தொடங்கிய கம்பெனி; நம்மில் பாதிப் பேர் கைவிரலில் முதன்முதலாக ஒட்டிய நீலம் அவர்களுடையதுதான். அப்புறம் ஒரு சீனியர் கையில் பச்சை மையைப் பார்க்கிறோம். அப்புறம் வீடியோ. அப்புறம் "லிமிடெட் எடிஷன், ஸ்டாக் முடியப் போகுது". பாட்டில் வருகிறது, ஒரு பக்கம் எழுதிப் பார்க்கிறோம், ஒரு போட்டோ, அலமாரி. அடுத்த நாள் திரும்பவும் ராயல் ப்ளூ. ஏனென்றால் அசைன்மென்ட்டுக்கு அதுதான் சரி.

எங்கப்பா காலத்தில் வேறு மாதிரி. பெட்டிக்கடையில் காசு கொடுத்தால் பேனாவுக்கு மட்டும் மை ஊற்றிக் கொடுப்பார்களாம். பரீட்சை நடுவில் தீர்ந்துவிட்டால் பக்கத்துப் பையனிடம் கடன். அவன் பேனாவை உதறி பெஞ்சு மேல் சொட்டுச் சொட்டாக விடுவான், எண்ணிக்கொண்டே. இவர் அதை ஹீரோ பேனாவால் உறிஞ்சிக்கொள்வார். பத்து சொட்டு வாங்கினால் மறுநாள் பத்து சொட்டு திருப்பித் தர வேண்டும். "எட்டு சொட்டு குடுத்துட்டு ஏமாத்துனவன் இன்னும் நம்ம ஊர்லதான் இருக்கான்" என்று அப்பா இப்போதும் சொல்வார். மையைச் சொட்டுக் கணக்கில் தெரிந்தவர்கள் அவர்கள். பாட்டில் கணக்கில் மட்டுமே தெரிந்தவர்கள் நாம்.

சரி, அந்த லீவில் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பதினொன்றில் எதையும் யாருக்கும் கொடுக்காமல், புதிதாக எதையும் வாங்காமல், இருப்பதை வைத்தே விளையாடினேன்.

முதலில் பேப்பர். ரெக்கார்டு நோட்டில் என் பச்சை மை கரப்பான் காலை இழுத்துவிட்ட மாதிரி நார் நாராகப் பரவும். அதனால் "இது மட்டமான மை" என்று முடிவு கட்டி ஒதுக்கி வைத்திருந்தேன். எங்கள் குஜிலியம்பாறை திண்டுக்கல் மாவட்டத்தின் விளிம்பில் இருக்கிறது. தாண்டினால் கரூர் மாவட்டம். கரூருக்கு அந்தப் பக்கம் புகழூர் காகிதபுரத்தில் தமிழ்நாடு காகித ஆலை, அதாவது டி.என்.பி.எல். 1979-ல் அரசு தொடங்கிய கம்பெனி. கரும்பு ஆலையில் சாறு பிழிந்தபின் மிஞ்சுகிற சக்கைதான் அங்கே முக்கியமான கச்சாப்பொருள். அவர்களுடைய சாதாரண ஜெராக்ஸ் தாளை ஊரில் கடையில் ஒரு கட்டு வாங்கி, அதே பச்சையால் எழுதினேன். நார் நிற்கிறது. கோடு சுத்தமாக விழுகிறது. எழுத்து முடிகிற இடத்தில் மை கொஞ்சம் தேங்கி, அந்த இடம் மட்டும் கரும்பச்சையாக, மற்ற இடம் இளம்பச்சையாக. இந்த மையில் இப்படி ஒரு அழகு இருந்ததே எனக்கு ஒன்றரை வருஷமாகத் தெரியாது. தப்பு மை மேல் இல்லை. தாளில் எவ்வளவு பசை போட்டு மேற்பரப்பை அடைத்திருக்கிறார்கள் என்பதில்தான் விஷயம். அடைப்பு குறைவாக இருந்தால் தாளின் இழைகளே குட்டிக் குட்டிக் குழாயாகி மையை இழுத்துக்கொண்டு போய்விடும். பேனாவுக்குள் மை நிப்புக்கு வருவதும் அதே நுண்புழை விசையால்தான். முதல் வருஷ பிசிக்ஸ், ஞாபகம் இருக்கா?

அடுத்து கறுப்பு. எனக்குக் கறுப்பு மை மேல் மரியாதையே கிடையாது. ஒரு நாள் போரடித்துப் போய், டீக்கடை டிஷ்யூ பேப்பரைப் பட்டையாகக் கிழித்து, கீழே ஒரு கறுப்புப் புள்ளி வைத்து, நுனியை மட்டும் தண்ணீரில் நிறுத்தினேன். பள்ளிக்கூடத்தில் வண்ணப்பிரிகை என்று படித்தோமே, அதேதான். ஐந்து நிமிஷத்தில் கறுப்பு காணாமல் போய் ஊதா, நீலம், கீழே ஒரு மஞ்சள் என்று பிரிந்து நிற்கிறது. பவுண்டன் பேனா மை என்பது பெரும்பாலும் தண்ணீரும் அதில் கரைந்த சாயங்களும்தான். அதோடு பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு பொருள், ஓட்டத்துக்கு ஒரு பொருள். பதினொரு பாட்டிலையும் இப்படிப் பிரித்துப் பட்டைகளைச் சுவரில் ஒட்டினேன். வெட்கக்கேடான உண்மை: தனித்தனி நிறம் என்று நினைத்து வாங்கிய இரண்டு நீலங்களின் பட்டைகளை அருகருகே வைத்தால் எது எது என்று எனக்கே தெரியவில்லை.

மேற்கு பார்த்த ஜன்னலில் இன்னொரு தாளும் ஒட்டினேன், பாதியை அட்டையால் மறைத்து. மூன்று வாரம் எங்கள் ஊர் வெயில். ரோஸ் கிட்டத்தட்டப் போய்விட்டது. ராயல் ப்ளூ சாம்பலாகிவிட்டது. புளூ பிளாக் அசையவில்லை. தாத்தா அதைப் பார்த்துவிட்டு முதல் முறையாக ஆர்வமானார். "பத்திரத்துக்கு அதான்டா எழுதுவோம். எழுதுறப்ப வெளுத்துத் தெரியும். மறுநாள் பாத்தா கறுத்துப் போயிருக்கும்." இரும்பு உப்பும் டானினும் சேர்கிற பழைய வகை மை அது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் கறுப்பு எடுக்கிற அதே ரசாயனம். காற்றில் இருக்கிற ஆக்சிஜன் பட்டுத்தான் அது கறுக்கும், தாளோடு பிடித்தும் கொள்ளும். என்னிடம் இருக்கிற புளூ பிளாக்கில் இதுவரை நான் எழுதியது ஒன்றரைப் பக்கம். (இந்த வகை மையைப் பேனாவில் மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள், அடைத்துக்கொள்ளும். டிராயிங்குக்கு வாங்கிய இந்தியன் இங்க்கைப் பவுண்டன் பேனாவில் ஊற்றவே ஊற்றாதீர்கள். என் ரூம்மேட் ஊற்றினான். அந்தப் பேனா இப்போது புக்மார்க்.)

ஒரு பாட்டிலில் பாதிக்கும் மேல் வற்றி, மிச்சம் கூழ் மாதிரி இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்தால் வேறு என்ன ஆகும்? அது நான் 'நல்ல நாளுக்கு' என்று வைத்திருந்த டர்க்காய்ஸ். ஆவியானது தண்ணீர்தான், சாயம் உள்ளேதான் இருக்கும் என்று யோசித்து, இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் குலுக்கினேன். போர்த் தண்ணீர் கூடாது. எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் அது விடுகிற வெள்ளைப் படிவத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். முகர்ந்து பார்த்தேன், பூஞ்சை வாடை இல்லை, நூல் நூலாக எதுவும் மிதக்கவில்லை. இருந்திருந்தால் கொட்டியிருப்பேன். இப்போது நன்றாக எழுதுகிறது. முன்பைவிடக் கொஞ்சம் அடர்த்தி. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஒரு நண்பன் இதைக் கேட்டுவிட்டு நியாயமான ஒரு கேள்வி கேட்டான். "எல்லாரும் வாங்குறத நிறுத்திட்டா மை செய்றவன் என்ன பண்ணுவான்? சுலேகா கதை தெரியும்ல?" தெரியும். 1934-ல் ராஜ்ஷாஹியில் மைத்ரா சகோதரர்கள் சுதேசி மையாகத் தொடங்கி, பிறகு கல்கத்தாவுக்கு வந்த கம்பெனி. ஜாதவ்பூரில் ஒரு நாற்சந்திக்கே சுலேகா என்று பெயர். 1980-களின் கடைசியில் மூடிப்போய், 2020-ல் திரும்பவும் மை பாட்டிலோடு வந்தது. எனக்கு அந்த மை மேல் பாசம் உண்டு, அலமாரியில் ஒன்று இருக்கிறது. ஆனால் என் பாசம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்றால், அந்த பாட்டிலில் தீர்ந்தது 3 மி.லி. அந்தக் காலத்தில் இந்த மைக் கம்பெனிகள் ஓடியது ஊரெல்லாம் எழுதியதால், எழுதித் தீர்ந்ததால். ஆளுக்கு முப்பது நிறம் அலமாரியில் வைத்திருந்ததால் இல்லை. வாங்குவதையே நிறுத்தச் சொல்லவில்லை நான். ஒன்று தீர்ந்தால் ஒன்று. தாத்தா கணக்கு.

பரீட்சையில் நீலம், கறுப்பு தவிர எதுவும் எழுத முடியாது என்று ஒரு சாக்கு இருக்கிறது. பிளஸ் டூ வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே அதைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் ஆரஞ்சும் பச்சையும் எதற்கு ஆகும் என்று விட்டுவிடுகிறோம். நான் இப்போது தப்பாகப் போட்ட கணக்கைத் திரும்பப் போடுகிற நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். அதில் பரீட்சை நிறத்துக்கு அனுமதி இல்லை. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் முழுக்க ஆரஞ்சு. அந்தப் பேப்பரில் நான் வைத்த தப்புகளுக்கு ஒரு பாட்டில் பத்தாது போல.

இனி அந்தக் கதை. பதினொன்றில் ஒன்று ஜப்பான் மை, ஆயிரத்தைத் தாண்டிய விலை. போன வருஷம் வாங்கினேன். ரெக்கார்டு நோட்டு, லேப் மேனுவல் என்று அப்பாவிடம் சொல்லி வாங்கிய பணம் அது. அப்பா நூல் மில்லில் வேலை பார்க்கிறார். அந்த மாசம் நைட் ஷிப்ட். பாட்டில் வந்த அன்றைக்கே எனக்கு அதைத் திறக்க மனசு வரவில்லை. ரொம்ப உசத்தியான பொருள், பத்திரமாக வைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் திறந்தால் எங்கிருந்து வந்த காசு என்று ஞாபகம் வரும். ஒரு வருஷம் சீல் பிரிக்காமலே இருந்தது. அன்றைக்கு அளந்தபோதும் அந்த ஒன்றை மட்டும் சிரிஞ்சால் அளக்கவில்லை, லேபிளில் போட்டிருந்த 50 மி.லி.யை அப்படியே எழுதிக்கொண்டேன்.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, வரிசையைப் பார்த்து, அதைத்தான் கையில் எடுத்தார். கனமான கண்ணாடி.

"இது என்ன தம்பி, சென்ட்டா?"

சொல்லிவிட்டேன். விலையையும் சொன்னேன், எந்தக் காசு என்பதையும் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "இவ்வளவு குடுத்து வாங்கிட்டு தொறக்கவே இல்லையா? அதுதான்டா தண்டம்" என்றார்.

திறந்து நிரப்பினேன். அப்பா பேனாவை வாங்கி, கரும்புச் சக்கைத் தாளில் முதலில் தன் பெயர், அப்புறம் மில் பெயர், அப்புறம் எட்டு சொட்டு கொடுத்து ஏமாற்றியவர் பெயரை எழுதினார். நீலம் நல்ல ஆழம். எழுதிவிட்டு நிப்பைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார், ஹீரோ பேனா பழக்கம்.

இதை எழுதுகிற இன்றைக்கு அலமாரியில் 291 மி.லி. கேம்லின் ராயல் ப்ளூ பாட்டில் முழுசாகத் தீர்ந்துவிட்டது, என் வாழ்க்கையில் நான் தீர்த்த முதல் பாட்டில். காலி பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, திரி விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றித்தான் தாத்தா படித்தாராம். ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கரண்ட் போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று கழுவி ஜன்னலில் வைத்திருக்கிறார். மண்ணெண்ணெய்க்கு இப்போது எங்கே போவார் என்று தெரியவில்லை.